நாலு டப்பா, ஒரு கிண்ணம்!

பாங்காக் போய் வந்தேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். ஒருத்தராவது 'என்னப்பா சாப்பிட்டே?' என்று கேட்க வேண்டுமே! ம்ஹூம். ஒரு மாதிரியான சிரிப்பு, ஒரு கண் சிமிட்டல். சீனியர் ஒருவர் மட்டும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஃபோட்டோ கீட்டோ எடுத்தியா?" என்றார், குரலைத் தாழ்த்தி. எடுத்தேன் சார். அத்தனையும் நூடுல்ஸ் ஃபோட்டோ. மூன்றாவது கிண்ணத்திலேயே எழுந்து போய்விட்டார்.

அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீங்கள் வாருங்கள், போகலாம்.

ஓட்டல் என்றதும் ஏ.ஸி., மெனு கார்டு, தலையில் குல்லாயுடன் வெயிட்டர் என்றெல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். ஷட்டரைத் தூக்கினால் கடை. வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வெள்ளையும் மஞ்சளுமாக நூடுல்ஸ் குவியல். பக்கத்தில் அண்டா மாதிரி ஒரு பாத்திரத்தில் சூப் விடியற்காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கிறது. எவர்சில்வர் மேஜை, முதுகு சாய முடியாத பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் ராஜா படம், நாள்காட்டி, ஃபேன். அண்டாவுக்குப் பின்னால் அறுபது வயது அம்மாள் ஒருவர். கிண்ணம் கொண்டுவந்து வைக்க ஒரு மகள். ஊழியர் பட்டியல் அவ்வளவுதான்.

பகல் பன்னிரண்டு அடித்ததும் சுற்றுப்பட்ட ஆபீஸ்களிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தொங்க வருகிறார்கள். எங்கே ஸ்டூல் காலியோ அங்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். தனியாகச் சாப்பிட வந்தவனை 'ஐயோ பாவம்' என்று யாரும் பார்ப்பதில்லை. கடையின் ஏற்பாடே ஒற்றை ஆளுக்குத்தான். ஒரு கிண்ணம், ஒரு ஜோடி குச்சி, குட்டையாக ஒரு ஸ்பூன். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆசாமி எழுந்துவிடுகிறார். (சோறு என்றால் ஸ்பூனும் முள்கரண்டியும், குச்சி நூடுல்ஸுக்கு மட்டும். தாய்லாந்துக்காரர்கள் எதற்கெடுத்தாலும் குச்சியைத் தூக்குவார்கள் என்பது நாம் சினிமா பார்த்துக் கட்டிக்கொண்ட கதை.)

கடைக்காரரைக் கூப்பிட உறவுமுறை தெரிந்திருக்க வேண்டும். வயதான அம்மாளை 'பா' என்பார்கள். நம் கணக்கில் பெரியம்மா. நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள் என்றால், அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொதுவாக ஓரெழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் அதை அச்சிட முடியாது. விட்டுவிடுவோம்.

அடுத்தது ஆர்டர். முதலில் எந்த இழை என்று சொல்ல வேண்டும். 'சென்' என்றால் இழை. அகலப் பட்டையாக ஓலை மாதிரி இருப்பது சென் யை. ஒல்லிப் பட்டை, சென் லெக். இடியாப்பம் போல மெல்லிசு, சென் மீ. இந்த மூன்றும் பச்சரிசி வம்சம், அதனால் நம் இடியாப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று தைரியமாகச் சாப்பிடலாம். கோதுமை மாவும் முட்டையும் சேர்ந்த மஞ்சள் இழை, பா மீ. பச்சைப்பயறு மாவில் செய்து கண்ணாடி மாதிரி தெரிவது வுன் சென். பிறகு, சூப்போடு வேண்டுமா, சூப் இல்லாமலா? 'நாம்' என்றால் தண்ணீர், 'ஹேங்' என்றால் உலர்ந்தது. அப்புறம் கோழியா, பன்றியா, மீன் உருண்டையா. ஐந்து இழை, இரண்டு பதம், மூன்று கறி. பெருக்கிப் பாருங்கள், முப்பது ஐட்டம்! அத்தனைக்கும் ஒரே அண்டா, ஒரே அம்மாள். பி.காம். படித்தவனுக்குக் கண்ணில் நீர் வரும். மிளகாயால் அல்ல.

கடைசியாக ஒரு கேள்வி. 'தம்மதா'வா, 'பிசேத்'தா? இது புரிய தாய் மொழி அகராதி தேவையில்லை. பிசேத் என்பது வேறொன்றுமில்லை, சம்ஸ்கிருதத்திலிருந்து போன நம் விசேஷம்தான். கறியும் இழையும் கொஞ்சம் கூடுதல், பத்து பாட் கூடுதல். தம்மதா, தர்மத்தில் பிறந்த சொல். அங்கே அதற்கு 'சாதாரணம்' என்று அர்த்தமாகிவிட்டது. என்னோடு வந்த காலேஜ் நண்பர் (ஆடிட்டர், திருநெல்வேலிப் பக்கம்) பக்கத்து மேஜை இளம் தம்பதியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "கல்யாணமாகி ஆறு மாசமா ஊர்ல எல்லாரும் எங்கிட்ட 'ஏதும் விசேஷமா?'ன்னு கேக்கான். இங்க வந்தும் அதே கேள்வியா!"

ஆர்டர் சொல்லி முடித்தால் ஒரு நிமிஷத்தில் கிண்ணம். இழையை நீளக் கைப்பிடி வைத்த கம்பி வலைக் கூடையில் போட்டு, கொதிநீரில் முக்கி, இரண்டு உதறு உதறிக் கிண்ணத்தில் கவிழ்க்கிறார். பொரித்த பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி. முளைப்பயறு, கறி, சூப், மேலே வெங்காயத்தாளும் கொத்தமல்லியும். முடிந்தது.

முடியவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கம்பித் தாங்கியில் நாலு சின்ன டப்பா இருக்கும். ஒன்றில் வறுத்து இடித்த மிளகாய்த் தூள். ஒன்றில் மீன் சாறு, 'நாம் பிளா'. நெத்திலி மீனையும் உப்பையும் சேர்த்து ஒரு வருஷத்துக்குக் குறையாமல் ஊறவிட்டு வடித்தது. இன்னொன்றில் மிளகாய் மிதக்கும் வினிகர். நாலாவதில் சர்க்கரை. ஆமாம், காப்பிக்குப் போடும் அதே சர்க்கரை. உப்பு, உறைப்பு, புளிப்பு, இனிப்பு. அம்மாள் வேண்டுமென்றே சூப்பைக் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கிறார். மிச்சத்தை முடிக்க வேண்டியது நீங்கள்.

நண்பர் கிண்ணம் வந்த வேகத்தில் நாலு டப்பாவையும் திறந்து ஸ்பூனை உள்ளே விட்டுவிட்டார். அண்டாப் பக்கத்திலிருந்து ஒரு அதட்டல்: "சிம்! சிம் கோன்!"

நண்பர் பையைத் தட்டிக் காட்டி, "ஏர்போர்ட்லயே வாங்கியாச்சும்மா!" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்குப் புரையேறிவிட்டது. ஏதோ கம்பெனியில் கணக்குப் பிரிவு, எங்கள் ஜாதி. இங்கிலீஷ் வந்தது. "ஃபோன் கார்டு இல்லை. 'சிம் கோன்' என்றால் முதலில் ருசி பாருங்கள் என்று அர்த்தம். பெரியம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு" என்றார்.

பாருங்கள், உலகத்தில் பெரும்பாலான சமையல்காரர்களுக்கு நாம் உப்பு கேட்டாலே முகம் சுருங்கிவிடும். அவர்கள் போட்டதுதான் அளவு. இந்த அம்மாளுக்கு நீங்கள் எவ்வளவு கொட்டினாலும் கோபமில்லை. ருசி பார்க்காமல் கொட்டினால்தான் கோபம். முதலில் வெறும் சூப் இரண்டு ஸ்பூன். பிறகு அரை ஸ்பூன் மிளகாய். உறைப்பு தூக்கினால் ஒரு சிட்டிகை சர்க்கரை. இனிப்பு ஒட்டிக்கொண்டால் வினிகர். மீன் சாறு கடைசியில், சொட்டுக் கணக்கில். சர்க்கரை சேர்த்ததும் அது இனிப்பாகத் தெரிவதில்லை. மிளகாயின் பல்லைப் பிடுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். ரசத்தில் வெல்லம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எதிர்ப்பெண்மணியின் ஃபார்முலா இரண்டு மிளகாய், ஒரு சர்க்கரை, ஒரு வினிகர். மீன் சாறு பூஜ்யம். பதினோரு வருஷமாக அதே கடை, அதே ஃபார்முலா. "என்றைக்காவது மூன்று மிளகாய் போட்டால், மேனேஜரோடு தகராறா என்று பெரியம்மா கேட்பார்" என்றார்.

நூடுல்ஸ் தாய்லாந்தின் பூர்வீகச் சொத்து இல்லை. குடியேறிய சீனர்கள் கொண்டுவந்தது. 'குவாய்தியாவ்' என்ற பெயரே தெற்குச் சீனத்து வழக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அதை மூலை முடுக்கெல்லாம் பரப்பியதில் ஒரு ராணுவப் பிரதமருக்குப் பங்கு உண்டு. பிபுன் சொங்க்ராம், 1939-ல் சயாம் என்ற பெயரை மாற்றித் தாய்லாந்து ஆக்கிய அதே ஆசாமி. 1942-ல் யுத்தம் ஒரு பக்கம், பாங்காக்கை மூழ்கடித்த வெள்ளம் ஒரு பக்கம். ஜனங்களே, நூடுல்ஸ் சாப்பிடுங்கள், நூடுல்ஸ் விற்றுப் பிழையுங்கள் என்று அரசாங்கமே பிரசாரம் பண்ணியது. எந்தச் சர்வாதிகாரியின் எந்த உத்தரவு எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. இது நின்றுவிட்டது. ருசியாக இருந்ததால்.

இப்போது நண்பர் தொழில் புத்தியைக் காட்ட ஆரம்பித்தார். கிண்ணம் 50 பாட். அப்போது ஒரு பாட் நம் காசுக்குச் சுமார் இரண்டரை ரூபாய். கறி இவ்வளவு, காஸ் இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று டிஷ்யூ பேப்பரிலேயே காஸ்டிங் போட்டுவிட்டு, "அம்மாவுக்கு ஒண்ணும் நிக்காதே. ஏன் அறுபது ஆக்கக் கூடாது?" என்று எதிர்ப்பெண்மணி மூலமாகக் கேட்கவும் செய்தார்.

பெரியம்மா அண்டாவை விட்டு நகரவில்லை. கையால் சுவரைக் காட்டினார். விலைப் பலகையில் ஒரு எண்ணின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி 50 என்று எழுதியிருந்தது. அடியில் 45 லேசாகத் தெரிந்தது. 2022 ஜனவரியில் தாய்லாந்துப் பன்றிகளுக்குக் காய்ச்சல் கண்டு, இறைச்சி கிலோ 200 பாட்டைத் தாண்டியது. அப்போது ஏற்றிய ஐந்து பாட் அது. ஒட்டிய அன்று வந்தவர்களிடமெல்லாம் ஸாரி சொன்னாராம்.

ஐந்து பாட் பெரிய தொகையா? அந்தச் சமயத்தில் பாங்காக்கில் குறைந்தபட்ச தினக்கூலி 331 பாட். ஒரு வேளை நூடுல்ஸ் 50 என்றால் கூலியில் ஏழில் ஒரு பங்குக்கும் மேலே போய்விடுகிறது. "நான் ஐந்து ஏற்றினால் இதே ஆட்கள் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டார்கள். மேஜையிலேயே மாமாவைச் சாப்பிடுவார்கள்" என்றார் பெரியம்மா.

நண்பர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

பயப்பட வேண்டாம். 'மாமா' என்பது 1972-லிருந்து அங்கே விற்கும் பாக்கெட் நூடுல்ஸ். வெந்நீர் ஊற்றினால் மூன்று நிமிஷம். நம்மூரில் மாமா வந்தால்தான் செலவு; அங்கே செலவுக்குப் பணமில்லை என்றால் மாமா. கையில் காசு குறைந்தால் மாமா விற்பனை கூடும் என்று நம்பி, 'மாமா இண்டெக்ஸ்' என்று பொருளாதாரப் பக்கங்களில் எழுதும் அளவுக்குப் போனது. பாக்கெட் விலையை அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது. 2022 ஆகஸ்டில் ஆறு பாட்டிலிருந்து ஏழாக ஏற்ற அனுமதித்தபோது, பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் உயர்வு. ஒரு பாட்! அதற்கு ஒரு வர்த்தக அமைச்சகமே கூடிப் பேசியது.

ஆக, பெரியம்மாவின் போட்டி எதிர்க்கடை இல்லை. மேஜை டிராயரில் இருக்கும் பாக்கெட்.

எதிர்ப்பெண்மணி கிண்ணத்தை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவராகவே சொன்னார். "எங்க அப்பா டை கட்டிக்கொண்டு ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போனவர். 1997 வரைக்கும்."

நம்மில் முப்பதுகளைத் தாண்டியவர்களுக்கு அந்த வருஷம் ஞாபகமிருக்கும். டாலருக்கு 25 பாட் என்று வருஷக்கணக்கில் கட்டிப்போட்டிருந்த கயிற்றை, ஜூலை 2-ம் தேதி அவிழ்த்துவிட்டார்கள். ஆறே மாசத்தில் டாலர் ஐம்பது பாட்டைத் தாண்டியது. இயங்காமல் நிறுத்தி வைத்திருந்த 58 ஃபைனான்ஸ் கம்பெனிகளில் 56-ஐ டிசம்பரில் ஒரேயடியாக மூடினார்கள். பென்ஸ் காரின் டிக்கியைத் திறந்து வைத்து, கைக்கடிகாரமும் நகையும் விற்ற கூட்டத்துக்கு 'முன்னாள் பணக்காரர்கள் சந்தை' என்று பேர். பங்கு வர்த்தகத்திலும் கட்டடத் தொழிலிலும் கோடிகளில் புரண்ட சிரிவத் என்பவர் கழுத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு தெருவில் சாண்ட்விச் விற்றார். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அவர் படம் வந்தது.

இந்தப் பெண்மணியின் அப்பா படம் எங்கும் வரவில்லை. அவர் ஒரு தள்ளுவண்டி வாங்கினார், தவணையில். மச்சினி வீட்டில் சூப் வைக்கக் கற்றுக்கொண்டார். பழைய ஆபீஸ் இருந்த தெருவிலேயே வண்டியை நிறுத்த வெட்கம். இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார்.

"அப்பாவுக்கு முகம் பார்த்தால் தெரியாது, டப்பாவைப் பார்த்தால் தெரியும்" என்றார். வேலை போனவர்கள் சாதாரணக் கிண்ணம் ஒன்று வாங்கி, தனியாக வெறும் சோறு ஒரு தட்டு வாங்கிக்கொள்வார்களாம். சூப்பில் மிளகாயை அள்ளிப் போடுவார்களாம். உறைக்க உறைக்கச் சோறு இறங்கும், வயிறு நிறையும். மிளகாய்க்கும் சர்க்கரைக்கும் காசு கிடையாதே. அப்படி யாராவது டப்பாவைத் திறந்தால் அப்பா கேட்காமலே கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றிவிடுவார். மிளகாய்ச் செலவு மாசா மாசம் ஏறியது. அந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைத்தது பத்து வயதுப் பெண்ணான இவர்தான். நான்கு வருஷம் வண்டி ஓடியது, இவர் பள்ளிக்கூடச் செலவும் ஓடியது.

நண்பர் காஸ்டிங் போட்ட டிஷ்யூவைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்புறம் அறுபது என்ற பேச்சே இல்லை.

அந்த மாதிரி வண்டிகளுக்கு இப்போது நிற்க இடம் குறைந்துவிட்டது. 2017-ல் பாங்காக் மாநகராட்சி நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்தப் போவதாக அறிவித்தது. உலகம் முழுக்க நாக்கில் எச்சில் ஊறியவர்களெல்லாம் கத்தியதும், சைனா டவுனும் காவ் சான் தெருவும் இருக்கும், கவலை வேண்டாம் என்றார்கள். அதாவது டூரிஸ்ட் சாப்பிடும் இடம் இருக்கும். ஆபீஸ் சிப்பந்தி சாப்பிடும் பஸ் ஸ்டாப்? எனக்கென்னவோ அது தலைகீழாக இருக்க வேண்டும் என்று படுகிறது. தமாஷ் என்னவென்றால், அதே 2017 டிசம்பரில் மிஷலின் கையேடு முதல்முறையாக பாங்காக்குக்கு வந்து, தெருவோரக் கடை ஒன்றுக்கு நட்சத்திரம் கொடுத்தது. கரி அடுப்பின் எதிரே பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு சமைக்கும் ஜே ஃபை. பெயருக்கு அர்த்தம், மச்சம் வைத்த அக்கா. மச்சக்காரிதான்!

(டயர் கம்பெனி சாப்பாட்டுக்கு மார்க் போடுவதா என்று சிரிக்காதீர்கள். அங்கே 1961-லேயே ஷெல் பெட்ரோல் கம்பெனியின் பெயரில் 'ஷெல் சுவான் சிம்' என்று நல்ல கடைகளுக்கு முத்திரை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பல கடைகளில் அந்தப் போர்டு இன்றும் தொங்குகிறது. மறுபடி அதே சிம்தான், ருசி பார்.)

சைவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து எழுதிய கொடி தெரிந்தால் அது 'ஜே' கடை. கறி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சீனக் கணக்கில் ஒன்பதாம் மாசம் ஒன்பது நாள் விரதத்தின்போது (பெரும்பாலும் அக்டோபர்) ஊரெல்லாம் அந்தக் கொடிதான். மற்ற நாளில் 'மங்சவிரத்' என்று கேளுங்கள். மாம்ச விரதி என்ற வடமொழிச் சொல்தான், நாக்கைச் சுழற்றியிருக்கிறார்கள். ஆனால் சாதாரணக் கடையில் கறியை விலக்கினாலும் சூப் எலும்பில் கொதித்ததுதான், மேஜையில் மீன் சாறும் நிற்கும். மனசுக்கு ஒப்பாது என்றால் கொடி தேடுவதே உத்தமம். ரத்தக்கொதிப்புக்காரர்கள் இழையைத் தின்றுவிட்டுச் சூப்பை மிச்சம் வையுங்கள். உப்பு அங்கேதான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால் எதிர்ப்பெண்மணி ஒரு சிபாரிசு சொன்னார். மாலையில் வெற்றிச் சின்னத்துக்குப் போங்கள், படகு நூடுல்ஸ் சாப்பிடாமல் ஊருக்குப் போகாதீர்கள் என்று. போனோம்.

வெற்றிச் சின்னம் 1941-ல் பிபுன் ஆட்சியில் எழுப்பிய தூண். சுற்றி பஸ்களும் நெரிசலும். பக்கத்துச் சந்தில் கால்வாய் ஓரமாக வரிசையாய்க் கடைகள். கிண்ணத்தைப் பார்த்ததும் நண்பர் சாம்பிள் என்று நினைத்துக்கொண்டார். நம் பாயசக் கிண்ணத்தைவிடச் சின்னது. இரண்டு வாய், தீர்ந்தது. காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பாங்காக்கில் தெருவைவிடக் கால்வாய் அதிகம். வியாபாரி தனி ஆளாகத் துடுப்பும் போட வேண்டும், சூப்பும் ஊற்ற வேண்டும், காசும் வாங்க வேண்டும். ஆடும் படகிலிருந்து கரைக்குப் பெரிய கிண்ணத்தை நீட்டினால் பாதி தண்ணீரில் போகும். அதனால் சின்னக் கிண்ணம். கால்வாய்களைத் தூர்த்து ரோடு போட்டபோது வியாபாரி கரையேறிவிட்டார். கிண்ணம் மட்டும் வளரவில்லை.

சூப் கறுத்து, கெட்டியாக இருக்கும். பட்டை, அன்னாசிப்பூ, அரத்தை எல்லாம் மணக்கும். மேலே திருநீற்றுப்பச்சிலை, பக்கத்தில் வள்ளைக்கீரை. கறுப்புக்கும் கெட்டிக்கும் காரணம் மசாலா மட்டுமல்ல, பன்றி அல்லது மாட்டின் ரத்தம். அந்த வகைக்கு 'நாம் தொக்' என்று பெயர். அருவி என்று அர்த்தம். அந்த அருவியில் குளிக்க விருப்பமில்லாதவர்கள் 'நாம் சை' என்று கேட்டால் தெளிந்த சூப் வரும். நாங்கள் தெளிவாகவே இருந்தோம்.

இங்கே பில் புத்தகம் கிடையாது. காலிக் கிண்ணத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கிண்ணம் 20 பாட். சில கடைகளில் இத்தனை கிண்ணம் சாப்பிட்டால் கூல்டிரிங்க் இனாம் என்று போர்டே இருக்கிறது. நண்பர் இனாமைக் குறி வைத்து ஏழாவது கிண்ணத்தில் மூச்சு வாங்கினார். எட்டாவதை நான் பார்க்காதபோது என் பக்கம் தள்ளினார்.

"செக் பின்!" என்றேன். (இங்கிலீஷ் செக்கும் பில்லும் சேர்ந்து தாய்லாந்துப் பிரஜை ஆகிவிட்ட வார்த்தை.) கல்லாவிலிருந்து ஒரு பெண் எழுந்து பார்த்தாள். கிட்டே வரவில்லை, எண்ணவில்லை. அடுக்கின் உயரத்தை ஒரு பார்வை. "முந்நூற்று நாற்பது" என்று கால்குலேட்டரில் அடித்துத் தூரத்திலிருந்தே காட்டினாள்.

நண்பர் கிண்ணங்களை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழேயிருந்து மேலே ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பதினேழு.